பத்துச் சிறுத்தைகளும் ஒரு பல்வலியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அசனச் சாப்பாட்டு மயக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி வரிசையில் சிலர் இப்போதுதான் கை கழுவிவிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்கிறேன். ‘ஆதித் திருச்சபை பெரிதும் போராடியது கிறிஸ்துவின் தேவத்துவத்தைக் காக்கவா, மனுஷத்துவத்தைக் காக்கவா?’ நான் மனுஷத்துவத்தின் பக்கம்.

ஞாயிறு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு பையன், வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே கேட்டான்: “டீச்சர், இயேசப்பாவுக்குப் பல்வலி வந்திருக்குமா?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, மனப்பாட வசனத்தைச் சொல்லு.” ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பையன் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு சபை அறுநூறு வருடம் அடிபட்டிருக்கிறது. நான் அரை நிமிடத்தில் தவறான பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தை விட்டு நகரவே இல்லை. 325ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியின் இஸ்னிக் ஊர், கான்ஸ்டன்டைன் மன்னன், ஆரியுஸ் என்ற மூப்பர். ‘குமாரன் இல்லாதிருந்த ஒரு வேளை இருந்தது’ என்று ஆரியுஸ் சொல்ல, ‘பிதாவோடே ஒரே தன்மையுடையவர்’ என்று சபை பதில் சொன்ன கதை. அதற்காக அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டு, ஏறக்குறைய பதினேழு வருடம் ஊர் ஊராக அலைந்தார். எல்லாம் உண்மை. அப்புறம் அண்ணன் அந்தக் கடைவீதிக் கதையையும் அழகாகச் சொன்னார். நீசா நகரத்துக் கிரகோரியார் கான்ஸ்டாண்டிநோபிளில் பார்த்து நொந்துகொண்டது. ரொட்டி என்ன விலை என்று கேட்டால், ‘பிதா பெரியவர், குமாரன் சிறியவர்’ என்கிறான் கடைக்காரன். குளிக்க வெந்நீர் தயாரா என்றால், ‘குமாரன் இல்லாமையிலிருந்து படைக்கப்பட்டவர்’ என்கிறான் பணியாள். “பார்த்தீர்களா, ஊரே தேவத்துவத்துக்காகச் சண்டை போட்டது” என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சரி, வாங்கிய கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நிசேயா சங்கம் எழுதிய விசுவாசப் பிரமாணத்தில் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன: ‘மாம்சமாகி’, ‘மனுஷனாகி’. ஒன்று போதாதா? அதற்குப் பதிலை ஆரியுஸ் கூட்டத்தாரிடமே கேட்கலாம். அவர் வழிவந்த யூடோக்சியுஸ், கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயராகவே இருந்தவர், தன் அறிக்கையில் எழுதி வைத்தார்: கிறிஸ்து மாம்சமானார், ஆனால் மனுஷனாகவில்லை, மனித ஆத்துமாவை அவர் எடுக்கவில்லை. அதாவது, உடம்பு நம்முடையது, உள்ளே இருப்பது வேறு. ஆரியுஸ் கூட்டம் கிறிஸ்துவைத் தேவனைவிடக் குறைத்தது எல்லோருக்கும் தெரியும். அதே கூட்டம் அவரை மனிதனைவிடவும் குறைத்தது என்பதை யாரும் பேசுவதில்லை. ஆக, நிசேயா முழுக்கத் தன் பக்கம் என்று அண்ணன் பட்டா போட முடியாது. பாதி நிலம் எங்கள் பெயரில் இருக்கிறது.

நிசேயாவுக்கு இருநூறு வருடம் முன்னால் போவோம். சபையின் முதல் சண்டை எது? ‘இயேசு தேவன் இல்லை’ என்று சொன்னவர்களை எதிர்த்தா? யோவானின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்திக்கிறிஸ்துவின் ஆவிக்கு அவர் சொல்லும் அடையாளம், மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கை பண்ணாதது. ஏனென்றால் அப்போதே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. இயேசு மனிதன் போலத் தோன்றினார், பட்ட பாடெல்லாம் வெறும் தோற்றம் என்றார்கள். பிறகு வந்த மார்சியோன் என்ற போதகர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய கிறிஸ்துவுக்குப் பிறப்பே கிடையாது. வளர்ந்த ஆளாகவே கப்பர்நகூமில் வந்து இறங்கினார். வாலன்டினுஸ் என்ற இன்னொரு போதகரின் கூட்டத்தார், குழாய் வழியே தண்ணீர் போவது போல அவர் மரியாள் வழியே வந்து போனார், அவளிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லை என்றார்கள். இயேசு உண்டார், குடித்தார், ஆனால் அவர் உடம்பில் கழிவு என்பதே இல்லை என்றும் எழுதினார் வாலன்டினுஸ். அசனம் முடிந்த மேடையில் இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. இவர்கள் யாரும் இயேசுவை வெறுத்தவர்கள் இல்லை. நேசித்தவர்கள். இவ்வளவு பெரியவருக்கு வியர்க்குமா, பசிக்குமா என்று கூச்சப்பட்டவர்கள். நானும் அந்தக் கூச்சத்தில்தான் அந்தப் பையனை அதட்டினேன்.

‘வெறும் தோற்றம்’ என்ற அந்த முதல் கூட்டத்துக்குப் பதில் சொன்னவர் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதாகி ரோமாபுரிக்குப் போகிறார். அங்கே மிருகங்களுக்குப் போடத் தீர்ப்பு. வழியெல்லாம் பத்துப் படைவீரர்களோடு சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ரோமச் சபைக்கு எழுதுகிறார்: பத்துச் சிறுத்தைகளோடு கட்டப்பட்டிருக்கிறேன், நல்லது செய்யச் செய்ய இன்னும் மோசமாகிறார்கள். அந்தச் சங்கிலியோடுதான் சிமிர்னா, திரல்லெஸ் ஊர்ச் சபைகளுக்கும் கடிதம் எழுதினார். திரல்லெஸ் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இயேசு பாடுபட்டது வெறும் தோற்றம் என்கிறார்களே, அப்படியானால் நான் ஏன் கட்டுண்டிருக்கிறேன்? மிருகங்களோடு போராட ஏன் வேண்டிக்கொள்கிறேன்? சிமிர்னாக்காரர்களுக்கு எழுதும்போது, அது தோற்றமென்றால் என் சங்கிலியும் தோற்றம்தான் என்கிறார்.

இரும்புச் சங்கிலி மணிக்கட்டை அறுக்கிறபோது எழுதின வாதம் இது. எதிரணியில் யாராவது இதைவிடப் பலமான ஒன்றைக் கொண்டு வரட்டும், நான் எழுந்து போய் அவர்கள் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது நான்காம் நூற்றாண்டுக்கு வருகிறேன். அப்போலினாரிஸ் என்றொருவர், லவோதிக்கேயாவின் பேராயர். வேதாகமத்தின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் வருகிற லவோதிக்கேயா இல்லை, இது சீரியாவில். இவர் ஆரியுஸின் பரம எதிரி, அத்தனாசியுஸின் நண்பர், நிசேயாவின் தூண். இந்தத் தூண்தான் சாய்ந்தது. கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனம் இல்லை, மனம் இருக்க வேண்டிய இடத்தில் தேவ வார்த்தையாகிய குமாரனே இருந்தார் என்று சொல்லிவிட்டார். எண்ணம் பக்தியானதுதான். மனித மனம் தடுமாறும், பாவத்துக்குச் சாயும், அந்த அழுக்கு நம் ஆண்டவருக்கு எதற்கு?

பதில் சொன்னவர் நாசியான்சு கிரகோரியார். கிளெதோனியுஸ் என்ற மூப்பருக்கு எழுதிய கடிதத்தில், எதைக் கிறிஸ்து தன்மேல் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்றார். அதோடு விட்டாரா? ஆதாமில் பாதிதான் விழுந்தது என்றால், கிறிஸ்து எடுத்துக்கொண்டதும் பாதியாக இருக்கட்டும் என்று குத்தினார். ஆதாம் எதனால் விழுந்தான்? கை பழத்தைப் பறித்தது பிறகு. மனம் அதற்கு முன்பே இச்சித்துவிட்டது. நோய் மனத்தில் இருக்க, வைத்தியர் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டால் நான் எப்படிப் பிழைப்பது? ‘தேவனாயிராதவர் எப்படி இரட்சிக்க முடியும்?’ என்று அண்ணன் கேட்டார், நியாயம்தான். முழு மனுஷனாயிராதவர் என்னை எங்கே பிடித்துத் தூக்குவார் என்பது என் கேள்வி. 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அப்போலினாரிஸின் போதனையைத் தள்ளியது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை உறுதி செய்த சங்கம் என்று நாம் கொண்டாடும் அதே சங்கம்தான்.

எபேசு சங்கம், 431, மரியாளை ‘தேவனைப் பெற்றவள்’ என்று அழைக்கலாமா என்ற சண்டையில் இரண்டு அணிக்கும் பங்கு உண்டு. அதைப் பிரித்துக்கொண்டு மேலே போகலாம்.

448ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் யூட்டிகஸ் என்ற முதிய துறவி, பெரிய மடத்தின் தலைவர், பேராயர் ஃபிளேவியன் முன்னால் நிற்கிறார். கேட்ட கேள்விகளில் ஒன்று: “கிறிஸ்துவின் சரீரம் நம் சரீரத்தோடு ஒரே தன்மையுடையது என்று ஒப்புக்கொள்கிறீரா?” கிழவர் மழுப்புகிறார். மரியாள் நம்மைப் போன்றவள் என்கிறார். ஆண்டவருடைய சரீரத்தை மட்டும் இன்றுவரை நான் அப்படிச் சொன்னதில்லை என்கிறார். வாழ்நாளெல்லாம் ஜெபித்த நாவு அந்த ஒரு வாக்கியத்தில் தடுக்கிறது. அடுத்த வருடம் எபேசில் இன்னொரு கூட்டம் கூடி யூட்டிகஸை விடுவித்து, ஃபிளேவியனைப் பதவி நீக்கியது. அவர் அடிபட்டு, கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். ரோமப் பேராயர் லியோ அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர் ‘கொள்ளையர் சங்கம்’.

451இல் கல்கெதோன் சங்கம் கூடியது. நிசேயாவின் சொல்லை அண்ணன் எத்தனை முறை சொன்னார்? ‘ஒரே தன்மையுடையவர்’ என்று ஒரு பதினைந்து முறை இருக்கும். கல்கெதோன் அறிக்கையில் அதே சொல் இரண்டு முறை வருகிறது: தேவத்துவத்தின்படி பிதாவோடு ஒரே தன்மையுடையவர், மனுஷத்துவத்தின்படி நம்மோடு ஒரே தன்மையுடையவர், பாவம் தவிர எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர். பிதாவுக்குப் போட்ட அதே கிரேக்கச் சொல்லை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், உங்களுக்கும் எனக்கும் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கல்கெதோனை ஏற்காத சபைகள் இன்றும் உண்டு. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை பக்கத்தில் கேரளத்திலேயே இருக்கிறது. அவர்களை யூட்டிகஸ் கட்சி என்று நினைக்க வேண்டாம். அவர்களும் யூட்டிகஸைத் தள்ளியவர்கள்தான். தகராறு, சொல்லும் முறையில். 1973இல் போப் ஆறாம் பவுலும், கல்கெதோனை ஏற்காத எகிப்தின் காப்டிக் சபையின் போப் மூன்றாம் ஷெனூடாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தேவத்துவத்தில் முழுத் தேவன், மனுஷத்துவத்தில் முழு மனுஷன் என்பதில் இருவரும் ஒன்றாகவே நின்றார்கள்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் ஐயா, அவர் இல்லாமல் என் கட்சி நிற்காது.

ஏழாம் நூற்றாண்டு. பிரிந்த சபைகளை ஒட்டவைக்க அரண்மனை ஒரு சமரசம் கண்டுபிடித்தது: இரண்டு தன்மை சரி, ஆனால் கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம், அதாவது ஒரே விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! மாக்சிமுஸ் என்ற துறவி முடியாது என்றார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு ‘என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே’ என்று வேர்வை இரத்தத்துளியாய் விழ ஜெபித்தாரே, மனித சித்தம் இல்லையென்றால் அந்த ‘என்னுடைய’ யாருடையது? இதற்கு அவர் கையில் எடுத்த ஆயுதம் திரித்துவம். சித்தம் ஆளுக்கு ஒன்று என்றால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவருக்கும் மூன்று சித்தம் வரும். மூன்று தேவர்கள் ஆகிவிடும். தேவனுக்குத் தன்மை ஒன்று, அதனால் சித்தம் ஒன்று. அப்படியானால் கிறிஸ்துவுக்குத் தன்மை இரண்டு, சித்தமும் இரண்டு. திரித்துவ உபதேசமே மனுஷத்துவத்துக்குச் சாட்சி சொல்ல வந்து கூண்டில் ஏறிய இடம் இது.

சித்தத்தைப் பற்றி யாரும் பேசவே கூடாது என்று இரண்டாம் கான்ஸ்டன்ஸ் மன்னன் 648இல் ஆணை போட்டான். மாக்சிமுஸ் பேசினார். 662இல், எண்பது வயது தாண்டிய அந்த மனிதரின் நாவை அறுத்தார்கள். எழுதிய வலது கையை வெட்டினார்கள். கருங்கடலுக்குக் கிழக்கே லாசிக்காவுக்கு, இன்றைய ஜார்ஜியாவுக்கு நாடுகடத்தினார்கள். அதே வருடம் அங்கேயே இறந்தார். பத்தொன்பது வருடம் கழித்து, 681இல், மூன்றாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அவர் சொன்னதையே சபையின் போதனை என்று அறிவித்தது. ஒரே சித்தம் என்று எழுதியிருந்த ரோமப் பேராயர் முதலாம் ஹொனோரியுஸைக்கூட, செத்து நாற்பது வருடமான பிறகு, பெயர் சொல்லிச் சபித்தது.

அண்ணன் பதினேழு வருட அத்தனாசியுஸைச் சொன்னார். அத்தனாசியுஸ் கடைசியில் தன் ஊரில், தன் ஆசனத்தில் இருந்தபடியே கண்மூடினார். என் ஆளுக்கு நாவும் இல்லை, கையும் இல்லை. போராட்டத்தின் விலையை வைத்துப் பார்த்தாலும் எந்தப் பக்கம் கனக்கிறது என்பதை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று நம்மிடையே ஆரியுஸ் யாரும் இல்லை. வந்தால் போதகர் ஐயாவே வாசலில் நிறுத்திவிடுவார். அப்போலினாரிஸும் யூட்டிகஸும்தான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. டிசம்பரில் நம் குடிலில் வைக்கிற சொரூபத்தைப் பாருங்கள். பிறந்து ஒரு நாள் ஆகாத பிள்ளை, ஒரு வயதுப் பிள்ளை அளவில், கைகளை விரித்து, ரோஜாக் கன்னத்தோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கண் திறக்காத, முகம் சுருங்கிய, பாலுக்கு வீறிட்டு அழுகிற பிள்ளையை ஏன் யாரும் செய்வதில்லை? மாற்கு சுவிசேஷத்தில் இயேசு புயலின் நடுவே படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தலையணையைப் பற்றி நான் ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. காற்றை அதட்டியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். போன ஞாயிறு அந்தப் பையனைக் கூப்பிட்டேன். “தம்பி, அன்றைக்குக் கேட்டாயே, வந்திருக்கலாம்டா. உனக்கு வலிக்கிற மாதிரியே அவருக்கும் வலித்திருக்கும்” என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“அப்போ அவங்க அம்மா கிராம்பு வச்சு விட்டிருப்பாங்களா டீச்சர்?”