ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டை வாயிலால் நுழைந்து, மான்கள் மேயும் மரநிழலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்பவர்கள் அறிவார்கள்: சந்நிதியை அடையுமுன்பே வழி நம்மைப் பாதி அடக்கிவிடும். துருக்கியக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் அத்தாதுர்க்குக்கு அங்காராவில் நினைவிடம் வடிவமைத்த எமின் ஓனத்தும் ஓர்ஹான் அர்தாவும் வழிக்குள்ள அந்த வலிமையை நன்றாக அறிந்திருந்தார்கள்.

அதன் பெயர் அனித்கபிர். ‘அனித்’ என்றால் நினைவுச்சின்னம். ‘கபிர்’, கிண்ணியாவிலும் மூதூரிலும் அடக்கத்தலத்தைக் ‘கபுறு’ என்கிறார்களே, அதே சொல்தான்.

உள்ளே 262 மீற்றர் நீளமான சிங்கப் பாதை. இரு மருங்கிலும் சோடி சோடியாகப் படுத்திருக்கும் 24 சிங்கங்கள், ஒஸ்மானியருக்கு மிக முற்பட்ட, அந்நிலத்தின் பண்டைய மக்களான ஹிட்டைட்டுகளின் சிற்ப மரபைத் தழுவியவை. ஒஸ்மானிய சுல்தான் ஆட்சியை ஒழித்தவருக்கு ஒஸ்மானியப் பாணிக் குவிமாடம் பொருந்தாது என எண்ணினார்கள் போலும். ஆனால் என்னைக் கவர்ந்தது தரை. பாவுகற்களுக்கிடையே ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, அதில் புல் வளர்த்திருக்கிறார்கள். கால் இடறாமலிருக்கக் குனிந்து பார்த்தே நடக்கவேண்டும். யாரும் சொல்லாமலே நடை தளர்ந்து, தலை தாழ்ந்துவிடுகிறது.

அத்தாதுர்க் மறைந்தது 1938 நவம்பர் 10. 1944இல் தொடங்கிய வேலை 1953இல்தான் நிறைவெய்தியது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் உடல் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் காத்திருந்தது. நினைவிடத்தின் மைய மண்டபத்தின் மேல் எழவிருந்த அடுக்கு, செலவையும் காலத்தையும் குறைப்பதற்காக இடையில் கைவிடப்பட்டது. என் கணிப்பில் அது கட்டடத்துக்கு வாய்த்த நன்மை; தூண்களும் தட்டைக் கூரையுமாக அது இன்று காட்டும் அமைதி அப்போது கிடைத்திராது.

மண்டபத்துள் நாம் காணும், ஒரே சிவப்புச் சலவைக்கல்லாலான நாற்பது தொன் பேழைக்குள் உடல் இல்லை. லெனினை மொஸ்கோவிலும் ஹோ சி மினை ஹனோயிலும் கண்ணாடிக்குள் கிடத்தியிருக்க, இவரையோ பேழைக்கு நேர் கீழே, எண்கோண அறையொன்றில், இஸ்லாமிய முறைப்படி மண்ணில் அடக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் துருக்கியின் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் கொண்டுவந்த மண், பித்தளைக் கலசங்களில்.

மேலே, பேழைக்குப் பின்னால், ஒரு பெரிய சாளரம். அதனூடே பார்த்தால், நகருக்கு அப்பால், பழைய அங்காராக் கோட்டை தெரிகிறது.