நடவுப் பாட்டும் நட்டவ இடுப்பும்

நடுவர் ஐயா அவர்களே, வணக்கம். "விவசாயம் நவீனமானதால விவசாயிக்கு வந்தது வாழ்வா, வலியா?"ங்கிறது தலைப்பு, நான் வாழ்வு அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் நடவுப் பாட்டுல ஆரம்பிச்சு மாட்டு வண்டி, மாப்பிள்ளை சம்பா, கம்மங்கூழுன்னு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயி கடைசில டிராக்டர் வந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிருச்சுன்னு முடிச்சார், கைதட்டல் பிச்சுக்கிச்சு, நானும்தான் தட்டினேன், பாட்டு நல்லா இருந்துச்சே!

ஆனா எங்கம்மா நடவுக்குப் போனவங்க ஐயா. விடியக்காலைல சேத்துல இறங்கினா குனிஞ்ச முதுகு குனிஞ்சபடியே பின்னாடி பின்னாடி நகரணும், மேல வெயிலு, கீழ சுடுதண்ணி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரா நிக்க மாட்டாங்க, திண்ணையில ஒரு கையை ஊணிக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமாத்தான் நிமிருவாங்க. கால் விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு, அதுல வேப்பெண்ணெயில மஞ்சளைக் குழைச்சுத் தடவுறது என் வேலை. ஏம்மா வயல்ல பாடுறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன், "பாடலைன்னா வலி தெரியும்டி"ன்னாங்க. அண்ணன் பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டார், மிச்சத்தை எங்க வீட்டுத் திண்ணையிலேயே விட்டுட்டார்.

அந்தக் காலத்துல சோத்துக்குப் பஞ்சமே இல்லைன்னும் ஒரு வார்த்தை சொன்னார். எந்தக் காலம்ணே? 1965ல பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கன்னு ஜனங்ககிட்ட கேட்டார். 1966ல மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியில இருந்து வந்துச்சு, அதுல பெரும்பங்கு பிஎல் 480ங்கிற உணவு உதவித் திட்டத்துல அமெரிக்கா அனுப்பின கோதுமை, கப்பல் வந்தாத்தான் உலை கொதிக்கும்ங்கிற நிலைமை. 1967 தேர்தல்ல இங்க மேடைக்கு மேடை பேசினது எதைப் பத்தி, ரூபாய்க்கு எத்தனை படி அரிசின்னுதானே? நம்ம கொங்கு மண்ணுக்காரர் சி.சுப்பிரமணியம் அப்ப மத்திய உணவு அமைச்சர், பல பேர் எதிர்த்தாங்க, அவர் அதிக விளைச்சல் குடுக்குற மெக்சிகோ விதைக் கோதுமையை 18,000 டன் இறக்குனார். 1950-51ல நாட்டோட மொத்த தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன், 2022-23ல 32 கோடி டன்னைத் தாண்டிருச்சு. ஜனத்தொகை அதே காலத்துல நாலு மடங்குதான் ஏறுச்சு, விளைச்சல் ஆறு மடங்கு. இதை ஏர்க்கலப்பையை வச்சுக்கிட்டு பண்ணிருக்க முடியுமா?

அப்புறம் பண்ணை வாழ்க்கை பொற்காலமாம். பண்ணையாள்னு ஒரு கூட்டம் சவுக்கடியும் சாணிப்பாலும் வாங்கிக்கிட்டுக் கெடந்த தஞ்சாவூரு அது. கூலி உசத்திக் கேட்ட சண்டையில கீழவெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சது 1968 டிசம்பர்ல. சரி, மிஷின் வந்து அறுப்புக் கூலி போச்சேன்னு அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான், நான் மழுப்ப மாட்டேன், அந்தக் கூலி நெல்லை நம்பி இருந்த வீடுகளுக்கு அது பெரிய அடிதான். ஆனா அந்தப் பொம்பளைங்ககிட்ட போயி உன் மகளைத் திரும்ப அறுப்புக்கு அனுப்புறியான்னு கேட்டுப் பாருங்க, அருவாளைத் தூக்கிருவாங்க. அவங்க கேக்குறது வேற வேலை, பழைய வேலை இல்ல.

இன்னொண்ணு, மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரிதான் வரும். எங்கப்பா பன்னெண்டு மணிக்கு டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு வரப்புல நடந்து போயி மோட்டார் போடுவாரு, மறுபடி ஒரு நடை போயி நிறுத்தணும். வரப்புல விரியன் கெடக்கும். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் அம்மா தூங்க மாட்டாங்க. இப்ப மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியாச்சு, படுத்தபடியே போனை அடிச்சா மோட்டார் ஓடுது. இதுக்குப் பேரு வலியாண்ணே?

மண்ணு கெட்டுப் போச்சு, உரம் விஷமாப் போச்சு... இதுல பாதியை ஒத்துக்கிறேன். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூவா, டிஏபிங்கிற இன்னொரு உரம் மூட்டை 1350 ரூவா, அப்ப எதை அள்ளிப் போடுவான்? அது விலை வச்சவன் தப்பு. நவீனம் அதுக்கும் ஒண்ணு கையில குடுத்திருக்கு, இலை வண்ண அட்டைன்னு பச்சை பச்சையாத் திட்டுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை, பயிரோட இலையை அது மேல வச்சுப் பாத்தா இப்ப யூரியா வேணுமா வேணாமான்னு சொல்லிரும். எத்தனை பேர் கைக்கு அது வந்து சேந்துச்சு? அதைக் கேளுங்க, நானும் கூட நின்னு கேக்குறேன்.

நாட்டு விதைக்கும் நவீனத்துக்கும் ஜென்மப் பகைங்கிற மாதிரி பேசினாரே, அதான் எனக்குச் சிரிப்பு. 1966ல வந்த ஐஆர் 8ங்கிற நவீன நெல்லுக்கு அப்பன் ஆத்தா யாரு? இந்தோனேசியாவோட பீட்டான்னு ஒரு நெட்டை நெல்லு, தைவானோட குட்டை நெல்லு ஒண்ணு. காத்துக்குச் சாயக் கூடாதுன்னு சேத்து வச்ச கல்யாணம். அதே மாதிரி ஒரு வாரம் ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள கெடந்தாலும் தாங்குற எஃப்ஆர் 13ஏன்னு ஒரு நெல்லு, ஒடிசா நாட்டு நெல்லுல இருந்து வந்தது, அந்தக் குணத்தை மட்டும் எடுத்து டெல்டாக்காரனுக்குப் பழகின சிஆர் 1009ங்கிற நெல்லுல இறக்கிருக்காங்க, சிஆர் 1009 சப் 1னு பேரு, ரெண்டு வாரம் மூழ்கிக் கெடந்தாலும் தண்ணி வடிஞ்சதும் துளிர்க்கும். பாட்டி சொத்து பேத்தி கைல வந்திருக்கு, இதுல எங்கண்ணே பகை?

விவசாயி கண்ணுல தண்ணியே இல்லையான்னா, இருக்கு. அறுப்பு மிஷின் ஒரு மணி நேரத்துல ஏக்கரை முடிச்சுருது, நெல்லு ஈரத்தோட கொள்முதல் நிலையத்துக்குப் போவுது, 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க முடியாதுன்னு விதி. அறுக்க மிஷின் இருக்கு, ஈரம் பாக்கவும் மிஷின் இருக்கு, நடுவுல காயப் போடத்தான் மிஷினக் காணோம், அதுக்கு மட்டும் தார் ரோடும் விவசாயி காலும்! லாரி போற ரோட்டோரமா நெல்லைப் பரப்பி காலால கிண்டிக்கிட்டு நிப்பான், மழை வந்தா தார்ப்பாயைத் தூக்கிட்டு ஓடுவான். அண்ணன் இந்தக் காட்சியைக் காட்டித்தான் நவீனம் ஒழிகன்னார். நான் கேக்குறேன், இது நவீனம் வந்ததால வந்த வலியா, பாதி வழியில நின்னதால வந்த வலியா? உலர்த்துற மிஷினை ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துலயும் வச்சுட்டு அப்புறம் என்கிட்ட பேசச் சொல்லுங்க.

மணி அடிச்சிட்டீங்க, ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சு, நடவு நடுற மாதிரி குனிஞ்சு ஒரு கால் மணி நேரம் நில்லுங்கய்யா. வேணும்னா எதிரணி அண்ணன் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடட்டும்.