18,000 டாலர் ஜாடியைக் காப்பியடித்த கண்ணாடி: அசல் ‘பீச்ப்ளோ’வைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். ஒரு சாண் உயரம்கூட இல்லாத சீனப் பீங்கான் ஜாடி ஒன்று, 1886ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூயார்க் நகர ஏலத்தில் 18,000 டாலருக்கு விலைபோனது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலைகள் அதே சிவப்பைக் கண்ணாடியில் கொண்டுவரப் போட்டி போட்டன. அப்படிப் பிறந்ததுதான் ‘பீச்ப்ளோ’. இன்று இந்தப் பெயரில் விற்கப்படும் ஜாடிகளில் எது அந்தக் காலத்தது, எது பின்னாளில் வந்தது என்று பிரித்தறிவதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஜாடி)

ஜாடியின் உரிமையாளர் மேரி மோர்கன். கப்பல் தொழிலிலும் ரயில் தொழிலிலும் பெருஞ்செல்வம் சேர்த்த சார்லஸ் மோர்கனின் மனைவி. மேரி 1885இல் இறந்த பிறகு அவருடைய கலைச் சேகரிப்பு முழுவதும் ஏலத்துக்கு வந்தது. காங்சி பேரரசர் காலத்தில், செம்பு கலந்த மெருகுடன் சுடப்பட்ட இந்த ஜாடியை பால்டிமோரின் வில்லியம் வால்டர்ஸ் வாங்கினார். இவ்வளவு சிறிய ஜாடிக்கு இவ்வளவு பெரிய விலையா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியே இலவச விளம்பரமாகிவிட்டது.

மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் இருந்த ஹாப்ஸ், பிராக்குனியர் நிறுவனம் ஜாடியின் வடிவத்தை மட்டுமல்லாமல், அது வைக்கப்பட்டிருந்த மரத் தாங்கியையும் விடாமல், கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) உருவங்களோடு தேன்நிறக் கண்ணாடியில் வார்த்து விற்றது. என்னைக் கேட்டால், ஜாடியைவிட அந்தத் தாங்கிதான் சுவாரசியமானது. வேறொருவர் வாங்கிய பொருளின் நகலை அதன் பீடத்தோடு சேர்த்து ஊருக்கே விற்ற வியாபார மூளை அதில் தெரிகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீலிங் கண்ணாடி மேலே ஆழ்ந்த சிவப்பாகத் தொடங்கிக் கீழே மஞ்சளாக முடிகிறது, வெயில் பட்ட பக்கம் சிவந்த மாம்பழத்தைப் போல. அசல் சீன ஜாடியிலோ அந்த மஞ்சளே கிடையாது.

இந்த நிறமாற்றத்துக்குக் காரணம் தங்கம். கண்ணாடிக் கலவையில் மிகச் சிறிதளவு தங்கம் சேர்த்து, உருவான ஜாடியைச் சற்று ஆறவிட்டு, ஒரு பகுதியை மட்டும் மீண்டும் உலைவாயில் காட்டினால், அந்தப் பகுதியில் தங்கத்தின் நுண்துகள்கள் திரண்டு சிவப்பு நிறம் தோன்றும். 1883இல் கண்ணாடிக் கலைஞர் ஜோசப் லாக் காப்புரிமை பெற்ற ‘ஆம்பெரினா’ கண்ணாடியும் இதே முறையில் செய்யப்பட்டதுதான்.

(திரையில்: மூன்று ஜாடிகளின் வாய் விளிம்புகள், அருகில்)

இனி அடையாளம் காண்பதற்கு வருவோம். முதலில் ஜாடியின் உள்ளே பாருங்கள். வீலிங் பீச்ப்ளோ இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளியே எவ்வளவு சிவந்திருந்தாலும் உட்புறம் பால் வெள்ளையாக இருக்கும். நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனியின் பீச்ப்ளோவில் அடுக்கே இல்லை. வெள்ளையிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறும் அந்த நிறம் உள்ளும் புறமும் ஒன்றுபோலத் தெரியும். மாசசூசெட்ஸில் உள்ள நியூ பெட்ஃபோர்டின் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனம் செய்ததும் ஒற்றை அடுக்குதான் என்றாலும், அதில் ரோஜா நிறம் வெள்ளையாக அல்லாமல் நீலம் கலந்த சாம்பலாக வெளிறும். மூன்றிலும் அரிதானது இதுதான்.

இதே மவுண்ட் வாஷிங்டன் 1885இல் காப்புரிமை பெற்ற ‘பர்மீஸ்’ கண்ணாடியைப் பலர் பீச்ப்ளோ என்று நினைத்துவிடுகிறார்கள். மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் பர்மீஸில் தங்கத்தோடு யுரேனியமும் உண்டு. புற ஊதா விளக்கில் அது பச்சையாக ஒளிரும். ஆனால், ‘ஒளிர்கிறது, ஆகவே பழையது’ என்று சொல்லும் வியாபாரியிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான ஃபென்டன் 1970 முதல் செய்த பர்மீஸிலும் யுரேனியம் உண்டு, அதுவும் ஒளிரும். விளக்கு காட்டுவது கலவையைத்தான், வயதை அல்ல.

வயதை அறிய அடிப்பாகத்தைப் பாருங்கள். பல தலைமுறைகளாக மேசையில் நகர்ந்த ஜாடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், பல திசைகளில் ஓடும் மெல்லிய கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் சீராக ஓடும் கீறல்கள் என்றால், உப்புத்தாள் வேலை என்று சந்தேகப்படலாம்.

உங்களிடம் இப்படியொரு ஜாடி இருந்தால், வாய் விளிம்பு, உட்புறம், அடிப்பாகம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். முழு ஜாடியின் அழகான படம் ஒன்றை மட்டும் அனுப்பினால், ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.