சுத்தியலைத் தேடப் போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது நம் உடம்பின் மேல் ஒரு மட்டையை ஓட்டுவார்களே, இடுப்பு வார் அருகே வந்ததும் அது கீச்சிடுமே, அதன் அண்ணன்தான் நான் இன்று பேச வந்திருக்கும் கருவி. நீளமான கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். மெட்டல் டிடெக்டர். என் மனைவி அதைக் கம்பு என்றுதான் சொல்வார். "சனிக்கிழமை வந்தால் இவர் கம்பை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார்" என்று அவர் தொலைபேசியில் சொல்லப்போய், ஊரில் என் பெரியம்மா நான் லண்டனில் ஆடு மேய்ப்பதாகச் சில காலம் நம்பிக்கொண்டிருந்தார். நான் இருப்பது லண்டனும் இல்லை. இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், சஃபோக்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வாயைத் திறந்தால் எல்லோரும் கேட்பது, என்ன கிடைத்தது என்றுதான். இந்த வானொலி நிலையத்தார் மட்டும், "அடுத்தவர் நிலத்தில் உங்களை யார் தோண்ட விடுகிறார்கள்?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் கிடக்கும் சில்லறையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறோம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் பலர், மண்ணுக்குள் கிடப்பதும் கண்டவனுக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அப்படி இல்லை. மண்ணுக்குள் புதைந்திருப்பதில் முதல் உரிமை நிலத்துக்காரருக்கு. சர்ரே பகுதியில் ஃபார்ன்ஹாம் என்ற ஊரின் பூங்காவில், ஒருவர் தரைக்கு ஒன்பது அங்குலம் கீழே இடைக்காலத்துத் தங்க ப்ரூச் ஒன்றை, அதாவது ஆடையில் குத்திக்கொள்ளும் நகையை, கண்டெடுத்தார். பொதுப் பூங்காதானே, எடுத்தது எனக்குத்தானே என்றார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. 1995இல் நகை உள்ளாட்சி மன்றத்துக்கே என்று தீர்ப்பு. பூங்காவுக்கு வருகிறவருக்கு உலாவ உரிமை உண்டு, உட்கார உரிமை உண்டு, தோண்ட உரிமை கிடையாது.

தங்கம், வெள்ளி என்று வந்துவிட்டால் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். முந்நூறு வருடத்துக்கு மேல் பழமையான பொன், வெள்ளிப் பொருள் கிடைத்தால் பதினான்கு நாளுக்குள் கோரோனரிடம் சொல்லியாக வேண்டும். தனி நாணயம் ஒன்று என்றால் இந்தக் கணக்கில் வராது. ஒன்றுக்கு மேல் சேர்ந்து கிடைத்தால் வரும். கோரோனர் என்பவர் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். காலையில் பிணம், மாலையில் பொற்காசு, அவர் பிழைப்பு அப்படி. பொருளை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால், மதிப்புத் தொகை வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. நம் ஊர்க் கதைகளில் புதையலைப் பூதம் காக்கும், பலி கேட்கும். இங்கே காப்பவர் ரப்பர் பூட்ஸ் போட்ட விவசாயி. பலியெல்லாம் கேட்க மாட்டார். வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பார். அந்த ஒரு வார்த்தை கேட்பதற்குத்தான் மனிதர்களுக்கு வாய் வருவதில்லை.

இனி எனக்குப் பிடித்த கதை. என் வீட்டிலிருந்து கார் தூரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கூட்டிப் படித்தால் ஹாக்ஸ்னே என்று வரும். அப்படிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஹாக்ஸன் என்று சொல்ல வேண்டும்.

1992 நவம்பர் மாதம். அந்த ஊர்க் குத்தகை விவசாயி பீட்டர் வாட்லிங் தான் பயிரிட்ட வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டார். சாதாரணச் சுத்தியல். அவருடைய நண்பர் எரிக் லாஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மெட்டல் டிடெக்டர் ஒன்று பரிசாக வந்திருந்தது. "அதை வைத்துச் சுத்தியலைத் தேடித் தர முடியுமா?" என்று கேட்டார் வாட்லிங். கவனியுங்கள், இங்கே அனுமதி கேட்டது தோண்டுகிறவர் அல்ல. நிலத்தைப் பயிர் செய்கிறவரே வந்து கூப்பிட்டிருக்கிறார். லாஸ் போனார். கருவி பலமாகச் சத்தமிட்டது. தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, கை நிறைய நாணயம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் இரவு முழுவதும் விளக்கு வைத்துத் தோண்டியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. லாஸ் நிறுத்திவிட்டார். கொஞ்சம் எடுத்தவுடன் நிறுத்தி, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். மறுநாளே தொல்லியல் குழு வந்து, பெட்டி இருந்த வாகிலேயே அடுக்கடுக்காக எடுத்தது. பெட்டியின் மரம் உளுத்துப் போயிருந்தாலும், எந்தப் பொருளுக்கு மேல் எது இருந்தது, எதனோடு எது சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் குறிப்பில் ஏறியது. கிட்டத்தட்ட 15,000 ரோமானிய நாணயங்கள், சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருள்கள். பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடியும் தறுவாயில் யாரோ ஒரு பணக்காரக் குடும்பம் புதைத்துவைத்துவிட்டுத் திரும்பி வராமலே போய்விட்டது. மதிப்பு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட். அன்றைய சட்டப்படி தொகை முழுவதும் கண்டவருக்கே. லாஸ் அதை வாட்லிங்கோடு பகிர்ந்துகொண்டார்.

சுத்தியல் என்னவாயிற்று என்று யாராவது கேட்பீர்கள். அதுவும் கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தலைப்பைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். தயாரிப்பாளர் மன்னிக்க வேண்டும். அந்தக் குவியலில் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று சீமாட்டி ஒருத்தியின் மார்பளவு உருவம். கொண்டையும் நகையுமாக, பார்த்தால் நம் வீட்டுக் கொலுவில் வைக்கலாம். அடியில் ஒரு வட்டத் தகடு. ஒரு நிலையில் திருகினால் மூடிக்கொள்ளும், இன்னொரு நிலையில் மிளகு நிரப்பலாம், மற்றொன்றில் தூவலாம். மிளகு சஃபோக்கில் விளையாது. அது நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறித் துறையை அகநானூறு பாடுகிறது. அந்தப் பாட்டில் மிளகுக்குப் பெயர் கறி. அதற்குச் சில நூற்றாண்டு கழித்து, உலகத்தின் இன்னொரு ஓரத்தில், ஒரு சாப்பாட்டு மேசையில் இந்தச் சிமிழ். அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நான் நிற்கும்போதெல்லாம் பின்னால் வரிசை நீண்டுவிடுகிறது.

சரி, வயலுக்குத் திரும்புவோம். ஹாக்ஸனில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான், அதையே இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன். அனுமதி இருப்பவரால் நிறுத்த முடியும். அனுமதி இல்லாதவரால் நிறுத்த முடியாது. யாராவது வந்துவிடுவார்களோ என்று அவர் அவசரமாகத் தோண்ட வேண்டும், இரவில் தோண்ட வேண்டும், அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2015இல் ஹெரிஃபோர்ட்ஷரில் லெம்ஸ்டர் என்ற ஊருக்கு அருகே இருவர் வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்தார்கள். நிலத்துக்காரருக்கும் சொல்லவில்லை, கோரோனருக்கும் அறிவிக்கவில்லை. சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்பது கணக்கு. 2019இல் தீர்ப்பு வந்தபோது கைப்பற்றப்பட்டிருந்தவை முப்பத்தொன்றுதான். இருவருக்கும் சிறை. அது போகட்டும். அந்த நாணயங்கள் சிலவற்றில் வெசெக்ஸின் ஆல்ஃபிரட் மன்னரும், பக்கத்து நாடான மெர்சியாவின் மன்னர் செயோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததற்குச் சான்று இருந்தது. பின்வந்த வரலாற்று நூல்கள் செயோல்வுல்ஃபை வெறும் பொம்மை அரசன் என்று ஒதுக்கியிருந்தன. முந்நூறும் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இன்னும் என்ன தெரிந்திருக்கும்? இனி யாரைக் கேட்பது? சட்டப்படி அவர்களுக்கு வந்திருக்கக்கூடிய பாதிப் பங்கே லட்சக்கணக்கான பவுண்ட் என்பது தனிச் சோகம்.

இப்போது என் சொந்த அனுபவம். முதலில் நான் செய்த தவறு. ஆகஸ்ட் மாதம், மாலை நேரம், ராணுவப் பச்சை நிற மேல்சட்டை, கையில் கம்பு. அந்தக் கோலத்தில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆகஸ்ட் இங்கே கோதுமை அறுவடைக் காலம். மழை வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "யார் நீங்கள், என்ன வேண்டும்?" என்றார். "புதையல் தேட" என்றேன். ஆமாம், அந்தச் சொல்லையே சொன்னேன். நாய்தான் எனக்குப் பதில் சொல்லியது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நாயைத்தான் பேச விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு பதினேழு வீடுகளில் 'இல்லை' வாங்கினேன். நிறம் காரணமா என்று கேட்பீர்கள். ஓரிரு இடத்தில் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் எனக்கு முன்னால் வந்து போனவர்கள். குழியை மூடாமல் போயிருக்கிறார்கள், பசு கால் இடறியிருக்கிறது. வேலிக் கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள், ஆடுகள் சாலைக்கு வந்திருக்கின்றன. அவர்கள் மேல் இருந்த கோபத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பதினெட்டாவது வீட்டில் எழுபது வயது அம்மையார் ஒருவர். இம்முறை முதலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். யார், எங்கே வேலை, எந்தச் சங்கத்தில் உறுப்பினர், யாருக்காவது சேதம் வந்தால் ஈடு செய்யும் காப்பீடு இருக்கிறது என்று ஒரு பக்கம். ஒரு வாரம் கழித்து, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, வெறும் கையோடு போனேன். கம்பு வீட்டில். புதையல் என்ற சொல்லும் வீட்டில். "உங்கள் வயலின் பழைய கதை தெரிந்துகொள்ள ஆசை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கதை இருக்கட்டும், டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின் ஒன்று அந்த மேட்டு வயலில் விழுந்துவிட்டது, கண்டுபிடிப்பீர்களா?" என்றார்.

ஹாக்ஸன் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வெள்ளிக் கரண்டி ஒன்றும் வரவில்லை. மூன்று சனிக்கிழமை. உடைந்த கலப்பை முனை, குதிரை லாடம், ஒரு வாளி நிறைய துருப்பிடித்த ஆணி, கம்பி. மூன்றாவது சனிக்கிழமை மாலை அந்தப் பின். பின்னைவிட அவரை மகிழ்வித்தது அந்த வாளிதான். "டிராக்டர் டயரைக் கிழிப்பது இதெல்லாம்தான்" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அன்று அவருடைய சமையலறை மேசையிலேயே ஒப்பந்தம் எழுதினோம்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எந்தெந்த வயல். அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவில் மட்டும், அதாவது சில வாரங்கள்தான். நான் ஒருவன் மட்டும், நண்பர்களைக் கூட்டி வருவதில்லை. கிடைத்தது எதுவானாலும், சட்டைப் பொத்தானாக இருந்தாலும், அன்று மாலையே அவர் மேசைக்கு வரும். பங்கு பாதிப் பாதி. ஊர்ப் பெயரை வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். ஏனென்றால் செய்தி பரவினால் இரவில் திருடர்கள் வந்துவிடுவார்கள். அவர்களை இங்கே இரவுப் பருந்துகள் என்கிறார்கள்.

பங்கு விஷயத்தை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆணி வாளியை வைத்துக்கொண்டு தங்கத்தைப் பங்கு பிரிக்கிறோமே என்று. ஆனால் அதைப் பேச வேண்டிய நேரம் அதுதான். எதுவும் கிடைக்காதபோது இருவரும் பெருந்தன்மையாக இருப்போம். பொற்காசு கையில் மின்னும்போது அண்ணன் தம்பியே வேறு கணக்குப் பேசுவார்கள். நம் குடும்பங்களில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அம்மையாருக்கு முறுக்கு கொண்டுபோகிறேன். பாதி அவருடைய நாய்க்கு. இதுவரை அந்த நிலத்தில் கிடைத்த மிகப் பெரிய பொருள், ஒரு விரல் நகம் அளவுள்ள எட்வர்ட் மன்னர் காலத்து வெள்ளிக்காசு. தனிக் காசு என்பதால் புதையல் சட்டம் தொடவில்லை. அதை அவர் ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறார். அவருடையதுதானே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். மிளகுக்குச் செலவழித்த நேரம் இப்போது உதைக்கிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பயிர் செய்கிறவர் குத்தகைக்காரராக இருக்கலாம். அவர் சரி என்றால் மட்டும் போதாது, உரிமையாளரும் சரி என்று சொல்ல வேண்டும். யார் நிலம் என்று தெரியாவிட்டால் நிலப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில், நிலத்துக்காரர் அனுமதித்தாலும், அரசின் அனுமதியில்லாமல் கருவியை ஓட்டுவதே குற்றம், 1979ஆம் ஆண்டுச் சட்டம். ஊருக்குப் போகும்போது இந்தக் கம்பைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், கலெக்டர், அது வேறு கதை. கடைசியாக வெடிகுண்டு. சஃபோக்கில் போர்க்கால விமானத்தளங்கள் நிறைய. சிலிண்டர் மாதிரி எதுவும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், விலகி வந்து போலீஸை அழையுங்கள், நிலத்துக்காரருக்கும் உடனே சொல்லுங்கள். என் நண்பர் ஒருவர் அதைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் காவல் நிலையத்துக்கே... இல்லை, நேரம் முடிந்தது என்கிறார்கள். வணக்கம்.