சுருக்குப்பைக்குள் மாத்திரை

செவிலியம் பயிலும் மாணவ மாணவியரே,

“எத்தனை தடவை சொன்னாலும் இந்த அம்மா மாத்திரை போடுவதில்லை.” வார்டில் இந்தக் குறையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படி அலுத்துக்கொண்டவள்தான். வயல் வேலைக்குப் போகும் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை குறையவே இல்லை. “சரி தாயி, இனிமேல் தவறாமல் போட்டுக்கொள்கிறேன்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பொய் சொல்கிறார் என்றே முடிவுகட்டியிருந்தேன். அது என் பிழை.

1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெட்டனஸின் கொடுமையை விளக்கும் கையேட்டை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். படித்தவர்கள் பயந்தார்கள், தடுப்பூசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்களோ 100க்கு 3 பேர். இன்னொரு பிரிவினருக்குக் கையேட்டுடன் மருத்துவ மையத்தைக் குறித்த வரைபடத்தையும் தந்து, வாரத்தில் எந்த வேளையில் போக முடியும் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். எல்லாரும் கடைசி ஆண்டு மாணவர்கள். அந்த மையம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாதா என்ன?

மனத்தில் இருக்கும் எண்ணத்துக்கு ஒரு வேளையும் இடமும் அமைந்தால்தான் அது கைக்கு வருகிறது. “இது நடந்ததும் இதைச் செய்வேன்” என்ற வடிவில் திட்டமிடுவதன் வலிமையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். நம் துறையைச் சேர்ந்த நோலா பெண்டரும் தம் உடல்நல மேம்பாட்டுக் கோட்பாட்டை 1996இல் திருத்தியபோது, ஒரு செயல்திட்டத்துக்கு ஒருவர் உறுதி கொள்வதை அதில் சேர்த்தார்.

பாட்டியின் சீட்டில் “காலை உணவுக்குப் பின்” என்று எழுதியிருந்தது. அவர் வீட்டில் காலை உணவே கிடையாது. விடியுமுன் கடுங்காப்பி, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டிச் சோறு. மாத்திரையோ வீட்டு மாடத்தில். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

“சோறு சாப்பிட்டதும் என்ன செய்வீர்கள், பாட்டி?”

“வெற்றிலை போடுவேன் தாயி.”

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். மாத்திரை அட்டையை அதற்குள் வைத்தேன். சோறு, மாத்திரை, அப்புறம்தான் வெற்றிலை என்று இருவரும் பேசிக்கொண்டோம். புகையிலைப் பேச்சை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் நாளில் “புரிந்ததா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நாளை இந்த மாத்திரையை எங்கே இருக்கும்போது, எதைச் செய்ததும் போடுவார் என்று கேளுங்கள். பதிலை அவர் வாயாலேயே வரவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்த பாட்டி, நான் கேட்குமுன்பே பையை அவிழ்த்தார். பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பிக்கும் நடுவே காலி அட்டை கிடந்தது.