கரையொதுங்கிய வலையில் ஒரு பங்குனி ஆமை

வணக்கம் நண்பர்களே. கரையில் கிடக்கும் குப்பையை வைத்துச் சிலை செய்கிறேன், இந்த முறை ஒரு ஆமை. முதலில் இந்த முடிச்சைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன். பச்சை நிறத்தில் தடித்த நூல் வலை, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை நரம்பு வலை, இரண்டுக்கும் நடுவில் மாட்டி வற்றிப்போன ஒரு நண்டுக்கால். அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. என்னால் தனியாக முடியவில்லை. ஊரூர் குப்பத்து அண்ணன் ஒருவர் வந்து கைகொடுத்தார்.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார். "பச்சை, விசைப்படகு இழுவை மடியோடதும்மா. வெள்ளை நரம்பு எங்கள மாதிரி ஃபைபர் படகுக்காரங்க போடுறது." எனக்கு இரண்டும் வெறும் குப்பை. அவருக்கு அதில் யார் தொழில், எந்தப் படகு என்பது வரை தெரிகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வலைக்குப் பெயின்ட் அடிக்கப்போவதில்லை.

சரி, இதில் என்ன செய்கிறேன் என்றால், நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை. ஆங்கிலப் பெயரில் ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரியில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டை போலப் போட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அந்த முட்டைகளைப் பாதுகாப்பதற்காகவே 1988 முதல் மாணவர்கள் இந்தக் கடற்கரையில் இரவெல்லாம் நடக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெசன்ட் நகரில் நான் ஒன்றைப் பார்த்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர். வலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாது. கடலிலேயே வாழ்கிற ஒன்று தண்ணீரில் மூழ்கிச் சாகிறது. அந்தக் கண் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவை பெரும்பாலும் மீன்பிடித்துக்கொண்டிருந்த வலைகளில் மாட்டியவை. ஆனால் அறுந்துபோன வலையும், வேண்டாம் என்று கடலில் போட்ட வலையும் ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். நைலான் மக்காது. மாட்டிய மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும். இந்த முடிச்சில் இருக்கும் கால் அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது மேலே வாருங்கள், நான் செய்த ஆமையின் ஓட்டைக் காட்டுகிறேன். சுற்று விளிம்பு, காயலான் கடையில் வாங்கிய 28 இஞ்ச் சைக்கிள் ரிம். வளர்ந்த ஆமையின் ஓடு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர், அந்த அளவுக்கு ரிம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மேலே வளைவுக்கு உடைந்த குடைக் கம்பிகள். அதன்மேல் பச்சை வலை. ஓட்டுச் சில்லுகள் எல்லாம் கரையில் பொறுக்கிய செருப்புகள். முதலில் பக்கத்துக்கு நான்கு வைத்துத் தைத்திருந்தேன். ஆமை நடைக்கு வரும் ஒரு தங்கை பார்த்துவிட்டு, "அக்கா, நாலு இருந்தா அது பேராமை" என்றாள். பங்குனி ஆமைக்குப் பக்கத்துக்கு ஆறு, ஏழு, சில சமயம் அதற்கு மேலும் வரும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்தேன். இப்போது இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு.

அப்புறம் வாய். இதைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். ஆமையின் தொண்டைக்குள் முள் முள்ளாக இருக்கும், எல்லாம் வயிற்றுப் பக்கம் சாய்ந்திருக்கும். விழுங்கிய இரை நழுவி வெளியே வராமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. பிளாஸ்டிக் உள்ளே போனாலும் அதே கதைதான், திரும்பி வராது. கடலில் ஊறிய பிளாஸ்டிக்கில் பாசி படிந்து இரையின் வாசனை அடிக்கிறது என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த முட்களுக்கு நான் வைத்திருப்பது காது குடையும் குச்சிகள். நீலம், வெள்ளை, ரோஸ். பிளாஸ்டிக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஒரே காலையில் எனக்கு இரண்டு கை நிறையக் கிடைத்தது.

எதையும் உருக்கி ஒட்டவில்லை, அந்தப் புகை நமக்கும் ஆகாது, காற்றுக்கும் ஆகாது. பசையும் இல்லை. எல்லாம் வலை பின்னும் ஊசியால், அதே வலையின் நூலை எடுத்துத் தைத்தது. முடிச்சு போட அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்காக பாட்டில் மூடிகளால் ஒரு கூழைக்கடா செய்து கொடுத்தேன். அதைக் கடற்கரையிலேயே வெயிலில் இரண்டு வாரம் வைத்துவிட்டார்கள். பசை விட்டுப்போய், மூடிகள் மணலில் உதிர்ந்து, பாதி கடலுக்கே போய்விட்டது. போய்ப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. அதனால் இந்த ஆமை கூரைக்குக் கீழே மட்டும்தான் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குப்பையில் சிலை செய்கிற நண்பர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து எண்ணி வையுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் ஏரூப் என்று ஒரு சின்னத் தீவு. அங்குள்ள கலைஞர்கள் இதே போலக் கைவிடப்பட்ட வலைகளைக் கொண்டு ஆமை, சுறா, திருக்கை எல்லாம் செய்கிறார்கள். நான் பார்த்த அவர்கள் வேலைகளில் வலையின் சொந்த நிறம்தான் நிறம். பெயின்ட் வேண்டாம் என்ற தைரியம் எனக்கு அதைப் பார்த்ததில்தான் வந்தது.

இன்னும் இடது முன் துடுப்பு பாக்கி. பச்சை வலையிலேயே முடித்துவிடலாம் என்று இருந்தேன். நேற்று அண்ணன் மாடிக்கு வந்து, ஆமையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை நரம்பை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்ததைக் கவனித்துவிட்டார். "அதையும் வைம்மா. விசைப்படகை மட்டும் சொன்னா நியாயமில்ல. எங்க வலையிலயும் மாட்டுது" என்றார். அதனால் துடுப்பு வெள்ளையில் வரப்போகிறது. ஊசி கோத்துவிட்டேன், சாயங்காலம் அவர் வந்ததும் தைக்க ஆரம்பிக்கிறோம்.