எர்ரர் விழுந்த வரி வேறு, கூப்பிட்ட வரி வேறு

(திரையில்: பைத்தான் புரோகிராம், கீழே சிவப்பில் எர்ரர்)

வணக்கம். எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் வயலையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள், எந்த மதகில் அடைத்திருக்கிறது என்று பார்க்க. இன்றைக்கு இந்தச் சிவப்பு எழுத்தை அப்படித்தான் படிக்கப் போகிறோம்.

இது கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு நான் எழுதிய கணக்கு, மூட்டைக்கு 40 கிலோ. பைத்தான் 3-இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் (பலருக்கு இது தெரியாது). பட்டியல் என்ற ஃபங்ஷன் வரவைக் கூப்பிடும், வரவு மூட்டையைக் கூப்பிடும், மூட்டை எடையை 40-ஆல் வகுக்கும்.

(கடைசி வரி பெரிதாக: டைப்எர்ரர்)

‘நன்’னை (None, மதிப்பே இல்லை என்று அர்த்தம்) 40-ஆல் வகுக்க முடியாதாம். சரி, எங்கே? மேலே பாருங்கள்: லைன் 12, இன் மூட்டை. உடனே 12-ஆம் வரிக்கு ஓடாதீர்கள், நான் ஒரு ராத்திரி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருப்பது வெறும் வகுத்தல், அதில் என்ன தப்பு இருந்துவிடும்? இன்னும் ஒரு படி மேலே: லைன் 27, இன் வரவு. கூப்பிட்ட ஆள் இவர்தான். எடை எழுதாத ஒரு ரசீதை அப்படியே மூட்டையின் தலையில் கட்டியிருக்கிறார்.

ஜாவாவில் இது தலைகீழ். வெடித்த இடம் மேலே, கூப்பிட்டவர் அதற்கு அடுத்து ‘அட்’ என்று தொடங்கும் வரியில். பாண்டாஸ் (அட்டவணைக் கணக்குக்கானது) மாதிரி, வேறு யாரோ எழுதிவைத்த லைப்ரரி நடுவில் வந்தால் முப்பது நாற்பது வரி ஓடும், பயப்பட வேண்டாம், உங்கள் ஃபைல் பெயர் கண்ணில் படும் வரை தாண்டிக்கொண்டே போங்கள்.

அப்புறம், எர்ரராக நிறுத்தாமல் எச்சரிக்கை மட்டும் கொடுக்க நினைத்து மூட்டைக்குள் வார்னிங்ஸ் டாட் வார்ன் எழுதினால், அது மூட்டையின் சொந்த வரியைத்தான் காட்டும், பத்து இடத்திலிருந்து கூப்பிட்டாலும் அதே வரிதான். காரணம், எந்தப் படியின் வரியைக் காட்டுவது என்று சொல்லும் எண்ணான ஸ்டாக்லெவல், சொல்லாமல் விட்டால் 1. அதை 2 ஆக்குங்கள், ஒரு படி மேலே, கூப்பிட்டவரின் வரி வரும். புரோகிராம் ஓடும்போது குறிப்பு எழுதிவைக்கும் லாகிங்கிலும் பைத்தான் 3.8 முதல் இதே ஸ்டாக்லெவல் உண்டு.

(திரையில்: மறுபடி ஓட்டுகிறோம். எச்சரிக்கை லைன் 27-ஐக் காட்டுகிறது.)